மாணவராக ஒரு பிரதமர்: லீ குவான் இயூவும் மொழிகளும்

1929ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரம் அத்தாப்புக் கூரை வேய்ந்த ஒரு சிறு பள்ளி இருந்தது. தரை, அடித்து இறுக்கிய களிமண். இருந்தது ஒரே வகுப்பறை. மீனவர் பிள்ளைகள் பலகை இருக்கைகளில் அமர்ந்து, சீன ஆசிரியர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கிடையே ஆறு வயது நிரம்பாத சிறுவன் ஒருவனும் அமர்ந்திருந்தான். ஆங்கிலமும் மலாயும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவன் அவன். ஆசிரியர் ஓதிய சொற்களில் ஒன்றுக்கும் அவனுக்குப் பொருள் விளங்கவில்லை. பேரன் சீனம் படித்தே ஆகவேண்டும் என்பது தாய்வழிப் பாட்டியின் பிடிவாதம். சிறுவன் தாயிடம் மன்றாடினான். வேறொரு சீனப் பள்ளிக்கு மாற்றிப் பார்த்தனர். அங்கும் மனம் ஒட்டவில்லை. கடைசியில் தெலுக் குராவ் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்து ராஃபிள்ஸ் கல்விக்கழகம், ராஃபிள்ஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என அவனது வழி ஆங்கிலத்தின் வழியாகவே நீண்டது.

அச்சிறுவன்தான் பின்னாளில் சிங்கப்பூர்க் குடியரசின் முதல் பிரதமரான லீ குவான் இயூ. இச்செய்தியைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியுள்ளார். அவருடைய தலைமையைப் பற்றிப் பேசுவோர் வீடமைப்பையும் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் ஊழலற்ற ஆட்சியையும் முதலில் எடுத்துரைப்பர். அவரைக் குறை கூறுவோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களின் பெயர்களை எடுத்துரைப்பர். இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் நாம் பொருளியலாளரோ சட்ட அறிஞரோ அல்லர். வாழ்நாள் முழுவதும் மொழியையே ஆராய்ந்தவர்கள். ஆகவே இவ்வுரையில் மொழி என்னும் ஒரே சாளரத்தின் வழியாக அம்மனிதரைக் காண முயல்கிறோம். ஒருவர் வளர்ந்தபின் புதிய மொழி ஒன்றைக் கற்கும்போது அவருடைய குணங்கள் மறைக்க முடியாதபடி வெளிப்படுகின்றன. அவர் பிறர் நகைப்பைத் தாங்குவாரா, தவற்றை ஒப்புக்கொள்வாரா, தம்மால் முடிந்தது பிறராலும் முடியும் என்று எண்ணுவாரா என்பவற்றையெல்லாம் அப்போது அறிந்துகொள்ளலாம். லீயைப் பொறுத்தவரை இக்கடைசிக் கேள்வியே முதன்மையானது என்பது நம் கருத்து.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பிழைப்பின் தேவையால் அவர் ஜப்பானிய மொழியைக் கற்றார்; சீன எழுத்துகளையும் நூல்களின் துணையால் தாமே பயின்றார். ஆயினும் கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று 1950இல் நாடு திரும்பியபோது, அரசியலுக்கு வேண்டிய அளவு சீன மொழி அவரிடம் இல்லை. அன்றைய சிங்கப்பூரின் மக்கள்தொகையில் நால்வரில் மூவர் சீனர். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசியவை ஹொக்கியென், தியோச்சியூ, கண்டனீஸ் போன்ற வட்டார மொழிகள். ஆங்கிலம் படித்த வழக்கறிஞர் ஒருவருக்கு இம்மக்களிடம் பேச வாயில்லை. 1955 தேர்தலில் அவர் தஞ்சோங் பகார் தொகுதியைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் மிகுதியாக வாழ்ந்த பகுதி அது. இந்தியத் தொழிலாளரும் அங்கே கணிசமாக இருந்தனர். லீக்குச் சீனம் எழுதவும் தெரியாது, பேசவும் தெரியாது. அவர் எப்படிச் சீனரின் பிரதிநிதியாவார் என்று எதிர்வேட்பாளர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. செய்தியாளராக இருந்த ஜெக் இயூன் தோங் அவருக்காக மாண்டரினில் இரண்டு பத்திகள் எழுதிக்கொடுத்து, மூன்று நிமிட உரைக்காகப் பல மணி நேரம் பயிற்சியளித்தார். அந்த மூன்று நிமிடங்களைக் கூட்டம் கைதட்டி வரவேற்றது. உச்சரிப்புக்காக அன்று, முயற்சிக்காக.

அதே மேடைகளில் அவர் இன்னொருவரையும் கண்டார். அவர்தான் லிம் சின் சியோங். ஹொக்கியென் மொழியில் அவர் பேசத் தொடங்கினால் பல்லாயிரவர் அசையாமல் நின்று கேட்பர். தோழராகத் தொடங்கிப் பின்னர் எதிராளியாக மாறிய அவருடைய நாவன்மையை லீ தம் நூலில் மறைக்காமல் போற்றியிருக்கிறார். 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் லிம் கைது செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட்டால் இச்சித்திரம் முழுமை பெறாது. எதிராளியிடம் எதைக் கற்க வேண்டும் என்று அறிந்தவர் லீ. கற்றபின் எதிராளியை அரங்கில் விட்டுவைக்கவும் அவர் விரும்பவில்லை.

1961 ஏப்ரலில் ஹொங் லிம் இடைத்தேர்தல் வந்தது. மக்கள் செயல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஓங் எங் குவான் ஹொக்கியெனில் வல்லவர். அவரை எதிர்த்துப் பரப்புரை செய்வதற்காக, பிரதமராக இருந்த லீ தமது 37ஆம் வயதில் ஹொக்கியென் கற்கத் தொடங்கினார். முதல் கூட்டத்தில் சிறுவர்கள் அவருடைய ஒலிப்பைக் கேட்டுச் சிரித்தனர். ஒலி பிழை, ஏற்ற இறக்கம் பிழை, வாக்கிய அமைப்பும் பிழை. நாணிப் பின்வாங்க அவருக்கு நேரமில்லை. அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. ஆனால் அவர் ஹொக்கியெனை விடவில்லை. சில ஆண்டுகளில் அம்மொழியில் குறிப்பின்றிப் பேசும் நிலையை எட்டினார். மொழியாசிரியர்களாகிய நமக்கு இந்நிகழ்ச்சி எளிதில் விளங்கும். வளர்ந்தவர்கள் மொழி கற்கத் தவறுவதற்குப் பெருங்காரணம் அறிவுக் குறைவன்று, கூச்சம். நாட்டின் முதல் மனிதர் தெருப்பிள்ளைகளின் நகைப்புக்கு நடுவே பிழையாகப் பேசத் துணிந்தார் என்பதை, வாய் திறக்க அஞ்சும் நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 13 தொடங்கி அக்டோபர் 9 வரை, மலாயாவுடன் இணைவது குறித்து அவர் வானொலியில் 12 உரைகள் ஆற்றினார். ஒவ்வோர் உரையையும் ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே பேசினார். ஆக 36 ஒலிபரப்புகள், ஒரு மாதத்திற்கும் குறைந்த காலத்தில்! ஆங்கிலத்தில் அவர் மீன்; மலாயில் நீந்தத் தெரிந்தவர்; மாண்டரினிலோ ஒவ்வொரு வாக்கியமும் எதிர்நீச்சல். ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்த ஊழியர்கள் ஒலிவாங்கியின் முன் அவரைக் காணாமல் திகைத்தனர். ஒருவர் எட்டிப் பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று அவர்கள் பதறினர். உண்மையில், ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே முதுகைத் தரையில் சாய்த்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி வந்துள்ள எத்தனையோ புகழுரைகளைக் காட்டிலும் இந்தக் காட்சியே அவரை நமக்கு அணுக்கமாக்குகிறது. மொழி அவருக்குத் தானாக வரவில்லை. உடலை வருத்தி அதனை ஈட்டினார்.

மலாய் மொழியில் அவருக்கிருந்த ஆற்றல் வேறொரு திருப்பத்திற்குக் காரணமாயிற்று. 1965 மே 27ஆம் நாள் கோலாலம்பூரில் மலேசிய நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையின் ஒரு பகுதியை மலாயில் பேசினார். அதன் சாரம் ஒரு மொழியியலாளனின் கவனத்திற்குரியது. மலாய் தேசிய மொழியாகிவிட்டால் மட்டும் சிற்றூர் மலாய்க்காரரின் வறுமை நீங்கிவிடுமா, விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்துவிடுமா என்று அவர் கேட்டார். மொழியின் பெயரால் பொருளியல் கேள்விகளை மூடி மறைக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. அதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் வழக்கமான எதிர்க்கட்சி வாதமாகப் போயிருக்கும். மலாயில், மலாய் உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் அது ஆழமாகத் தைத்தது. ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசித் துரும்பு என்று துங்கு அப்துல் ரஹ்மான் பின்னர் குறிப்பிட்டது அந்த உரையைத்தான். பத்து வாரங்களில் பிரிவினை வந்தது. நன்கு கற்ற மொழி உறவை வளர்க்கும் என்றே ஆசிரியர்களாகிய நாம் சொல்லிவருகிறோம். அது உறவை முறிக்கவும் கூடும் என்பதற்கு இந்நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

1965 ஆகஸ்ட் 9க்குப் பின் வந்த சில மாதங்களே இவ்வுரையின் நடுப்புள்ளி. சீனர் பெரும்பான்மையினராக வாழும் தனி நாடு பிறந்துவிட்டது. இனிச் சீன மொழிக்கு உயர்ந்த இடம் வேண்டும் என்ற குரல் சீன வர்த்தகச் சபையைச் சேர்ந்தோரிடையே எழுந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அக்கோரிக்கை வியப்பிற்குரியதன்று. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சீனர் 76.2 விழுக்காடு, மலாய்க்காரர் 15 விழுக்காடு, இந்தியர் வெறும் 7 விழுக்காடு. அக்டோபர் முதல் நாள் லீ நான்கு மொழிகளும் அதிகாரத்துவ மொழிகள், நான்கும் சமம் என மீண்டும் அறிவித்தார். ஐந்து நாள் கழித்து நான்கு வர்த்தகச் சபைகளின் செயற்குழுக்களையும் தொலைக்காட்சி விளக்குகளின் ஒளியில் அழைத்துப் பேசினார். சீன மொழியை அரசியல் கருவியாக்க யாரையும் விடமாட்டேன் என்பது அவர் சீனப் பிரதிநிதிகளுக்கு உணர்த்திய செய்தி. மூடிய அறையில் சொல்லியிருக்கலாம். நாடே பார்க்கும்படி சொன்னார். டிசம்பரில் நிறைவேறிய சுதந்திரச் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாகவும், மலாயைத் தேசிய மொழியாகவும் வகுத்தது.

பெரும்பான்மையினரின் தலைவர் ஒருவர், தம் வாக்கு வங்கியாக இருக்கக்கூடியவர்களின் மொழிக்கோரிக்கையை மறுத்து, நூற்றுக்கு ஏழு பேராக இருந்த மக்களின் மொழிக்குச் சம இடம் கொடுத்தார். இதே காலத்தில் நம் சுற்றுவட்டாரத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புலப்படும். இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் என்னும் சட்டம் வந்தது. அதன் விளைவுகளை லீ கூர்ந்து நோக்கினார். பின்னாளில் பலமுறை எச்சரிக்கையாக எடுத்துக்காட்டினார். 1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்ததையும் உலகம் கண்டது. மொழி எங்கே தீப்பற்றும் என்பதைப் பிறர் வீடுகளைப் பார்த்து அறிந்துகொண்ட தலைவர் இவர்.

ஆயினும் தமிழுக்குக் கிடைத்த இடத்தை ஒரு தனிமனிதரின் கொடை என்று சொல்வதற்கு நாம் உடன்படவில்லை. நம் மேடைகளில் அப்படிப் பேசும் வழக்கம் பெருகிவிட்டது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெறுமாறு தமிழரை ஊர் ஊராகத் தூண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கே சமஸ்கிருதத்திற்கு முதலிடம் என்னும் பரிந்துரை எழுந்தது. தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று அவர் இயக்கம் நடத்தி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். கூலித் தொழிலாளரும் தம் வெள்ளிகளைக் கொடுத்தனர். 1956இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமநிலை வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அதில் ஓர் உறுப்பினராக இருந்தவர் லீ. யாழ்ப்பாணத்தில் பிறந்த சி. ராஜரத்தினம், இனம் மொழி மதம் கடந்த குடிமை என்னும் எண்ணத்தை 1966ஆம் ஆண்டுத் தேசிய உறுதிமொழியில் எழுதிவைத்தார். ஆக, கேட்டவர்கள் இருந்தனர். கேட்டதை ஏற்கும் தலைமையும் இருந்தது. தமிழ் அவர் கற்ற மொழிகளின் வரிசையில் இல்லை. தமக்குத் தெரியாத மொழியையும் சமமாக வைக்க அவர் தயங்கவில்லை.

அந்த நான்கு பெயர்களைச் சற்று உற்றுநோக்குவோம். மொழியியலார்க்கு இயல்பாக எழும் ஐயம் இது: மாண்டரின் யாருடைய வீட்டு மொழி? 1965இல் சிங்கப்பூர்ச் சீனருள் மிகச் சிலரே அதை வீட்டில் பேசினர். தமிழ் என்று சட்டத்தில் எழுதியபோது, மலையாளமும் பஞ்சாபியும் தெலுங்கும் பேசியோர் அப்பெயரின் நிழலில் ஒதுங்க வேண்டியவராயினர். இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகியவை பள்ளிகளில் இடம்பெறுவதற்கு 1990கள் வரவேண்டியிருந்தது. தமிழருக்கேகூட, சட்டத்தில் உள்ள தமிழ் என்பது ஏட்டுத் தமிழா, அடுப்படித் தமிழா என்ற தெளிவு இல்லை. அரசு தந்தது கூரை. கூரையின் கீழ் யார் எந்த மொழியில் உறங்கி எழுகிறார்கள் என்பது வேறு.

1966 முதல் இரண்டாம் மொழி உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாயிற்று. ஆங்கிலம் வேலைக்கு, தாய்மொழி பண்பாட்டு வேருக்கு என்னும் வாய்பாடு மெல்ல மெல்ல உருவாயிற்று. லீ தம் மூன்று பிள்ளைகளையும் சீனப் பள்ளிகளுக்கே அனுப்பினார், மலாயும் கற்பித்தார். பிள்ளைகள் மும்மொழியிலும் தேறினர். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். முயன்றால் முடியும் என்பதற்கு அவரிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று தாம், மற்றொன்று தம் பிள்ளைகள். இரண்டுமே பொதுமக்களுக்குப் பொருந்தாத சான்றுகள். விடாப்பிடி மிக்க ஒரு பிரதமரின் உழைப்பும், அவருடைய இல்லத்துப் பிள்ளைகளின் வசதியும், நான்கறை அடுக்குமாடி வீட்டில் வளரும் ஓட்டுநர் மகனுக்கு அளவுகோல் ஆகமாட்டா. 1979இல் வந்த கோ கெங் சுவீ குழுவின் அறிக்கை இதனைக் கண்ணாடிபோல் காட்டியது. இரு மொழியிலும் அடிப்படைத் தேர்ச்சி பெற்ற மாணவர் 40 விழுக்காட்டிற்கும் குறைவு. அரசு கொள்கையை மாற்றவில்லை; மாணவரைத் தரம் பிரித்தது.

அதே 1979இன் செப்டம்பரில் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தை லீ தொடங்கி வைத்தார். எந்த ஹொக்கியெனுக்காக அவர் தெருப்பிள்ளைகளிடம் நகைப்புக்கு உள்ளானாரோ அந்த ஹொக்கியெனில் மேடையேறுவதைத் தாமே நிறுத்திக்கொண்டார். வட்டார மொழி நிகழ்ச்சிகள் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. மூளையின் கொள்ளளவு வரம்புடையது, வட்டார மொழிகள் அதில் இடம்பிடித்தால் மாண்டரினுக்கு இடமிராது என்பது அவருடைய வாதம். மொழியியலார் இதனை ஏற்பதில்லை. சிறு வயதிலேயே மூன்று, நான்கு மொழிகளைப் புழங்கி வளரும் பிள்ளைகள் ஆசியா, ஆப்பிரிக்காவெங்கும் கோடிக்கணக்கில் உள்ளனர். லீயே மலாயும் ஆங்கிலமும் கலந்து வளர்ந்தவர். அவ்வாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பாட்டிமார். ஹொக்கியென் மட்டுமே தெரிந்த பாட்டியும் மாண்டரினும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்த பேரனும் ஒரே வீட்டில் ஊமைகளாயினர். முன்பு தமக்குப் பள்ளியைத் தேர்ந்துகொடுத்த பாட்டியை லீ எண்ணிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இக்காலத்தில் அவருடைய கை கடுமையாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நன்யாங் பல்கலைக்கழகத்தை உருவாக்க முன்னின்ற டான் லார்க் சை குடியுரிமை இழந்தார். 1971 மே மாதத்தில் நன்யாங் சியாங் பாவ் நாளிதழின் நிர்வாகிகள் நால்வர் தடுத்து வைக்கப்பட்டனர். 1980இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. சீனம் படித்த தலைமுறைக்கு அது ஆறாத புண். தமிழர்க்கும் ஓர் இழப்பு உண்டு. ஆனால் அதை யாரும் ஆணையிட்டு நிகழ்த்தவில்லை. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கடைசியாக எஞ்சிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. சட்டத்தில் சமமான மொழிக்கு அதன்வழிக் கல்வி தரும் பள்ளி ஒன்றுகூட இல்லாமற்போனது. அதற்காக நாம் யார்மீதும் கல்லெறிய இயலாது; நம்மவர் கால்களே அப்பள்ளிகளை விட்டு வெளியேறின.

இனி 2009ஆம் ஆண்டு நவம்பருக்கு வருவோம். சிங்கப்பூர்ச் சீனமொழி நிலையத்தின் திறப்பு விழாவில், 86 வயதான லீ எழுந்து நின்று, தாம் தொடக்கத்திலேயே தவறான வழியில் சென்றுவிட்டதாகச் சொன்னார். சொல்வதெழுதுதல், மனப்பாடமாய் எழுதுதல் ஆகியவற்றை வற்புறுத்தியது பிழை என்றார். அறிவுள்ளவர் எவரும் இரு மொழிகளைச் சமமாக ஆளலாம் என்று தாம் நம்பியதாகவும், மொழித்திறனும் அறிவுத்திறனும் வெவ்வேறு என்பதை நரம்பியல் மருத்துவரான தம் மகள் சொல்லித்தான் பிற்காலத்தில் உணர்ந்ததாகவும் கூறினார். தம் அறியாமைக்காகப் பல தலைமுறை மாணவர்கள் பெரும் விலை கொடுத்தனர் என்பதையும் அவரே சொன்னார்.

இவ்வொப்புதலை எப்படி மதிப்பிடுவது? முப்பதாண்டு தாமதம் என்று சிலர் கசந்தனர். அக்கசப்பு நியாயமானது. மொழியாசிரியர் பலர் 1980களிலேயே வகுப்பறையில் இதை உணர்ந்திருந்தனர். சொல்லும் துணிவு பலருக்கு இல்லை, கேட்கும் செவி மேலிடத்தில் இல்லை. தம் காதுக்குக் கெட்ட செய்தி எளிதில் எட்டாத அளவுக்கு ஒரு தலைவர் வலிமை பெற்றுவிட்டால், அவர் திருந்துவதற்கு வீட்டிலிருந்து ஒரு குரல் வரவேண்டியதாகிறது. அதே வேளையில் இதையும் சொல்ல வேண்டும். எண்பது கடந்தபின், எதுவும் அவரைக் கட்டாயப்படுத்தாத நிலையில், பொதுமேடையில் தம் பெயரால் தவற்றை ஏற்ற நாட்டுத்தலைவர்கள் மிகச் சிலர். ஹொங் லிம் சிறுவர்களின் முன் பிழையாகப் பேசத் துணிந்த அதே குணம்தான் இங்கும் வெளிப்பட்டது. அவ்வயதிலும் ஆசிரியரை வைத்துக்கொண்டு மாண்டரின் பாடத்தைத் தொடர்ந்தார். 2011 நவம்பரில் தம் இருமொழிப் பயணத்தைப் பற்றிய நூலை ஆங்கிலத்திலும் சீனத்திலும் வெளியிட்டு, பாலர் வயதிலேயே இருமொழி கற்பிப்பதற்கென ஒரு நிதியத்தையும் தொடங்கினார்.

சீனமொழிக் கல்வியைப் பற்றி அவர் ஒப்புக்கொண்டது தமிழாசிரியர்களாகிய நமக்குப் பொருந்தாது என்று நாம் சாய்ந்து உட்கார முடியவில்லை. சொல்வதெழுதுதலை நாமும் வாராவாரம் நடத்தினோம். நம் பிழை இன்னும் நுட்பமானது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. வீட்டில் தமிழ் வலுவாக இருந்த காலத்தில் பள்ளி எழுத்துத் தமிழை மட்டும் கற்பித்தால் போதுமாயிருந்தது. பேச்சை வீடு பார்த்துக்கொண்டது. வீட்டின் நிலை மாறியதை நாம் கவனிக்கவில்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழே என்ற இந்தியர் 42.9 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர் 35.6 விழுக்காடு. 2010இல் தமிழ் 36.7ஆகக் குறைந்தது, ஆங்கிலம் 41.6ஆக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் முதலிடம் கைமாறிற்று. இத்தனைக்கும் நாணயத்தாளிலும் நாடாளுமன்றத்திலும் விமான நிலையப் பலகைகளிலும் தமிழின் சம இடம் கடுகளவும் குறையவில்லை.

இதன் நடுவே, 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது எழுந்த எதிர்ப்பை அவையில் உள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ் கெட்டுவிடும், கொச்சை புகுந்துவிடும் என்று கடிதங்கள் பறந்தன. மொழியியல் படித்த நம்முள்ளும் சிலர் மௌனம் காத்தனர். அந்தச் சிலருள் நாமும் அடக்கம் என்பதை இங்கே சொல்லிவிடுவதே முறை.

அதற்குப் பல ஆண்டுகள் முன்னர் நாம் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சிறுமி ஒருத்தி ஆசிரியையின் அருகில் வந்து, “டீச்சர், எனக்குப் பசிக்குது” என்றாள். “பசிக்கிறது என்று சொல்” என்றார் ஆசிரியை. சிறுமி சற்று நின்றாள். பின்னர் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியை நம்மைப் பார்த்தார். சரியாகத்தான் திருத்தினீர்கள் என்பதுபோல் நாம் தலையசைத்தோம். குறிப்பேட்டிலும் நல்லபடியாகவே எழுதினோம்.

ஓய்வு பெற்றபின், அண்மையில் வேறொரு பள்ளிக்கு அழைத்திருந்தனர். ஏறத்தாழ அதே வயதுப் பிள்ளை, அதே சொல். இளம் ஆசிரியை குனிந்து, “பசிக்குதா? காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டார். பையன் அன்றைய காலையுணவு, அதைச் சுட்ட பாட்டி, பாட்டியின் கால்வலி, மின்தூக்கி பழுதானது என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். மணி அடித்தும் அவன் முடிக்கவில்லை.